மாடி வீட்டு டியூப்லைட்

இடது தோளில் கிளம்பிய வலி கழுத்தெலும்பைச் சுற்றிக்கொண்டு முழங்கை வழியாக இறங்கி, கடைசி இரண்டு விரலில் வந்து மரத்துப்போய் நின்றது. வலியைக்கூடத் தாங்கிவிடலாம். அந்த இரண்டு விரலும் யாருடையதோ என்பதுபோலத் தொங்குவதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவள். தலையில் ஏறிய மாத்திரத்தில் இது நாற்பத்தெட்டு கிலோ, இது ஐம்பதைத் தாண்டும் என்று சொல்லிவிடுவாள். மெஷினில் வைத்தால் அரைக் கிலோகூட முன்னே பின்னே இருக்காது. அதனால் கிடங்கில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அந்தத் தராசுதான் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, பின் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, தூக்கக்கூடாத கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு டியூப்லைட்டோடு போராடிக்கொண்டிருந்தாள்.

“எரியுதா?” என்று முன் அறைக் கட்டிலிலிருந்து புருஷன் கேட்டான்.

“எரியுது. என் வயிறு.”

“டியூபைத் திருப்பிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஸ்டார்ட்டரு?”

“திருகியாச்சு, கழட்டியாச்சு, தொடைச்சு மாட்டியாச்சு.”

“லேசா ஒரு தட்டு தட்டிப் பாரேன்.”

“தட்டியாச்சு. இனி தட்டறதுக்கு உன் மண்டைதான் பாக்கி.”

அவன் சாரம் கட்டுகிறவன். கட்டடங்களைச் சுற்றிக் கம்பும் கயிறுமாகக் கூடு கட்டி, மற்றவர்கள் அதில் நின்று பூச்சு வேலை பார்க்க வழி செய்கிறவன். மூன்று மாசத்துக்கு முன்னால் இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தான். தொடையிலிருந்து கால் விரல் வரைக்கும் மாவுக்கட்டு. இனி நடப்பான், ஆனால் ஏறமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறாத சாரக்காரனை வைத்துக்கொண்டு மேஸ்திரி என்ன செய்வான்? நல்லபடியாக இரு என்று சொல்லிவிட்டுப் போனவன் அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

நல்ல வேளை, கல்யாணத்துக்கு முன்னால் அவன் ஆறு வருஷம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்திருந்தான். ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிற வேலை. அந்தக் கம்பெனி இப்போது வீடுகளுக்கே மூட்டை இறக்கித் தைத்து வாங்கிக்கொள்கிறது என்று கேள்விப்பட்டு அவளே போய் விசாரித்துவிட்டு வந்தாள். புதன்கிழமை கம்பெனியிலிருந்து செக்கிங் அம்மா வந்தார். கறாரான மனுஷி. மேசையை ஆட்டிப் பார்த்தார், தரையில் ஈரம் இருக்கிறதா என்று செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தார், அவன் தைத்துக் காட்டிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மேலே பார்த்தார்.

“கை நல்லாருக்கு. மேசை சரி. இந்த லைட்டு ஏன் என்னைப் பாத்துக் கண்ணடிக்குது?”

“பழைய ஸ்டார்ட்டரும்மா.”

“கறுப்புத் தோல்ல கறுப்பு நூல் போட்டுத் தைக்கறீங்க. இந்த வெளிச்சத்துல தைச்சா பாதி திரும்பி வரும். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டியோட வர்றேன். நிலையா எரிஞ்சா இறக்கறேன். இல்லன்னா எனக்கு இன்னும் ஏழு வீடு லிஸ்ட்ல இருக்கு.”

சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கண்ணடித்துக்கொண்டிருந்த லைட் இன்று காலையிலிருந்து கண்ணையே திறக்கவில்லை.

வீடு ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அறை. முன் அறையில் கட்டிலும் ஒரு குண்டு பல்பும். நடுவில் சமையல். பின் அறைக்கு ஜன்னலே கிடையாது; நட்ட நடுப்பகலில் கதவைத் திறந்தாலும் உள்ளே ராத்திரிதான். ஆனால் மேசை போட இடம் இருப்பது அங்கேதான். குண்டு பல்பு வெளிச்சத்தில் கறுப்பு மேல் கறுப்பு தெரியாது. சமையல் அறையில் தோலை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும் என்று செக்கிங் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

தராசுக்கு இது வெறும் லைட் இல்லை. ஆறு மாசம் இப்படியே தலையில் சுமந்தால் கை முழுசும் போய்விடும் என்று மருந்துக்கடைக்காரர் முதல் பெரிய டாக்டர் வரை சொல்லியாகிவிட்டது. அவன் உட்கார்ந்து சம்பாதிக்க ஆரம்பித்தால் அவள் மூட்டையை இறக்கிவிடலாம். கிடங்கிலேயே கூட்டிப் பெருக்குகிற வேலை கேட்டு வைத்திருக்கிறாள். கூலி பாதிதான், ஆனால் கை மிஞ்சும். அந்த லைட் எரிந்தால் கை. எரியாவிட்டால் நாளைக் காலை மறுபடியும் மூட்டை. கணக்கு அவ்வளவுதான்.

“சமையக்கட்டு ஸ்டார்ட்டரைப் போட்டுப் பாரு” என்றான் புருஷன்.

அந்தக் கட்டடத்தில் ஸ்டார்ட்டர்களுக்குச் சொந்த வீடு என்று எதுவும் கிடையாது. நான்கு குடித்தனம். ஒரு வீட்டில் லைட் எரியவில்லை என்றால் இன்னொரு வீட்டு ஸ்டார்ட்டர் வரும். எரிந்தால் பழசு குப்பைக்குப் போகும், வந்தது அங்கேயே தங்கிவிடும். அந்த வீட்டுக்கு வேறொன்று எங்கிருந்தாவது வரும். டியூபுக்கும் அதே வைத்தியம்தான். நல்லதைக் கொண்டுவந்து போட்டுப் பார், எரிந்தால் பழசு கெட்டது. ஒயர்மேனைக் கூப்பிடாமல் இத்தனை வருஷம் அப்படித்தான் ஓட்டியிருந்தார்கள்.

ஸ்டார்ட்டரை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை.

“அப்போ டியூபுதான். ஓரம் கறுத்திருக்கா?”

“ரெண்டு பக்கமும் கரி பூசின மாதிரி இருக்கு.”

“செத்துப்போச்சு. சமையக்கட்டு டியூபைக் கழட்டி இதுல போடு. நாம இருட்டுல சமைச்சுக்கலாம்.”

“நாமன்னா யாரு? நீயா சமைக்கறே?”

சொல்லிக்கொண்டே போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள். டியூபின் இரண்டு முனையிலும் உள்ள பின்களை ஹோல்டரில் சொருகித் திருப்பினாள். பின்கள் சரியாக உட்கார்ந்தனவா என்று மரத்துப்போன விரல்களுக்குத் தெரியவில்லை; கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். இறங்கி ஸ்விட்சைப் போட்டாள்.

பளீரென்று எரிந்தது. என்றைக்கும் இல்லாத வெள்ளை. தரையில் கிடந்த குண்டூசிகூடத் தெரிந்தது. சுவரில் இத்தனை கறை இருக்கிறதா என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

“யோவ், எரிஞ்சிருச்சுய்யா!”

“நான்தான் சொன்னேன்ல!”

அவன் சொல்லி முடிப்பதற்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மறுபடியும் இருட்டு. அவள் அப்படியே நின்றாள். டார்ச்சை அடித்துப் பார்த்தால் இரண்டு ஓரமும் கறுத்திருந்தது.

“என்னாச்சு?”

“அணைஞ்சிருச்சு.”

“அது பழசுடி.”

“நாலு மாசம் ஆச்சு வாங்கி.”

“சமையக்கட்டுப் புகையில நாலு மாசம்னா வெளியில நாலு வருஷத்துக்குச் சமம்.”

“அப்போ அந்தப் புகையிலேயே கெடக்கிற எனக்கு என்ன வயசு ஆகியிருக்கும்?”

“அதை என் வாயால சொல்லணுமா?”

அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். எலக்ட்ரிக் கடை ஷட்டர் இறக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஷட்டரை இரண்டு தட்டு தட்டினாள். பக்கத்து டீக்கடைக்காரர், “எவ்வளவு தட்டினாலும் நாளைக்குத்தான் தொறக்கும்” என்றார். திரும்பி வந்தபோது மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

நான்கு குடித்தனத்தில் ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் குண்டு பல்பு மட்டும்தான். மிச்சம் மாடி அக்கா.

மாடி அக்கா ஆஸ்பத்திரி லாண்டரியில் நைட் ட்யூட்டி. ராத்திரி முழுக்கப் போர்வைகளைக் கொதிக்க வைத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். தனி ஆள். தூக்கத்தில் எழுப்பினால் வாயில் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் புது டியூப் வாங்கிப் போட்டுவிட்டு, கட்டடம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினாள்.

தராசு கதவைத் தட்டினாள். ஐந்தாவது தட்டில் கதவு ஒரு சாண் திறந்தது.

“யாரு செத்தது?”

“யாரும் சாகலைக்கா. டெஸ்ட் பண்ண உங்க டியூபு வேணும். பத்தே நிமிஷம்.”

“அந்த ஷூக்கார அம்மா வரப்போறதுக்கா?”

“ஆமாக்கா.”

“எடுத்துட்டுப் போ. நான் கிளம்பறதுக்குள்ள திரும்ப மாட்டிடணும். என்னை எழுப்பாம மாட்டணும். எழுப்பினேன்னு வை, உன்னையும் வெளுத்துக் காயப் போட்டுருவேன்” என்றவள், போய்ப் படுத்துவிட்டாள்.

தராசு நாற்காலி போட்டுச் சத்தமில்லாமல் கழற்றினாள். படியில் இறங்கும்போது கைக்குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரிதான் கொண்டுவந்தாள். மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

அதே பளீர். அதே வெள்ளை. இந்தத் தடவை அவள் கத்தவில்லை, மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டிக்.

ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் சாய்த்து வைத்த இரண்டு டியூப், மேலே ஒன்று. மூன்றுக்கும் ஓரம் கறுப்பு. கடைசியானது இரவல் சொத்து.

முன் அறையிலிருந்து அந்த ‘டிக்’கைக் கேட்டுவிட்ட அவன் தணிந்த குரலில் பேசினான்.

“இந்தா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அந்த ஓரத்தை ஈரத் துணியால தொடைச்சு, கொண்டுபோய் இருந்த எடத்துலயே மாட்டிடு. அவ தூங்கறா. எழுந்து ஸ்விட்ச் போட்டா எரியாது. அவ வீட்டுல, அவ கையால போட்டு எரியலன்னா அதுக்கு நாம என்ன பண்றது?”

“கறுப்பு உள்ளுக்குள்ள இருக்குய்யா. தொடைச்சா போகாது.”

“தூக்கக் கலக்கத்துல யாரு ஓரத்தைப் பாக்கறா?”

அவள் எழுந்து முன் அறை வாசலில் போய் நின்றாள்.

“நீ விழுந்த அன்னைக்கு மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன சொன்னான்?”

அவன் மாவுக்கட்டைத் தடவினான்.

“கயிறு நல்லாத்தான் இருந்துச்சு, நீதான் காலை வழுக்க விட்டேன்னு சொன்னான்ல? அந்தக் கயிறு அத்துப்போனதை நாலு பேரு பாத்தாங்க. அன்னைக்கு நீ கட்டில்ல கெடந்துட்டு என்ன திட்டு திட்டினே. இப்போ அவன் பேச்சை அப்படியே நீ பேசறே.”

“அதுவும் இதுவும் ஒண்ணா? அது என் காலு. இது டியூபு.”

“செஞ்சதைச் செய்யலன்னு சொல்றது ரெண்டும் ஒண்ணுதான்.”

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் திரும்பவும் பின் அறைக்குப் போனாள். அழுகை வரும்போலிருந்தது; அழுதால் மணி நிற்கவா போகிறது? டார்ச்சை அடித்து, டியூப் மாட்டியிருந்த தகரச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிடங்கில் ஒரு மூட்டையின் கீழ் ஒருத்தன் விழுந்தால் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பார்கள். இரண்டாவது ஆளும் விழுந்தால் தரையில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது ஆளும் விழுந்தால் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். மூன்று டியூப் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. இவள் இத்தனை நேரம் ஆளை மாற்றி மாற்றிக் கொண்டுவந்தாளே தவிர மூட்டையைப் பார்க்கவில்லை.

மெயினை அணைத்துவிட்டு ஏறி, சட்டத்தின் மேல் கையை வைத்தாள். நடுவில் சுட்டது. மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கட்டி ஒன்று. அதிலிருந்து கறுப்பாக ஏதோ உருகி வழிந்து காய்ந்திருந்தது. தார் வாசனை மூக்கில் ஏறியது.

“யோவ், இந்த இரும்புக் கட்டிக்கு என்ன பேரு?”

சுவர்ப் பக்கமிருந்தே பதில் வந்தது. “சோக்கு.”

“அது எதுக்கு?”

கட்டில் கிறீச்சிட்டது. “வழிஞ்சிருக்கா?”

“வழிஞ்சு, காஞ்சு, நாறுது.”

“அடப்பாவி!” என்றான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. “சோக்குதான்டி கரண்டைக் கையப் புடிச்சு நிறுத்தறது. அது இல்லன்னா கரண்டு கட்டுக்கடங்காம டியூபுக்குள்ள பாயும். அதான் அந்த பளீரு. உள்ள இருக்கிற கம்பி கருகி, டியூபு காலி.”

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. லாரியிலிருந்து சரிவுப் பலகையில் மூட்டை இறக்கும்போது மேலே ஒருத்தன் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து விடுவான். அவன் பீடி குடிக்கப் போய்விட்டால் எல்லா மூட்டையும் கீழே நிற்கிறவன் மேல்தான்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சைட்ல ஒயர்மேன் சொல்லிக் கேட்டிருக்கேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.”

“மூணு டியூபு போனப்புறம் ஞாபகம் வருதா? இந்த வீட்டுல ஒழுங்கா வேலை செய்யற டியூப்லைட்டு நீ ஒருத்தன்தான்யா.”

அவன் சிரித்துவிட்டான். மூன்று மாசத்தில் அவன் சிரித்து அவள் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். சிரிப்பு அடங்கியதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடுத்தது தோன்றியது. சமையல் அறைச் சட்டம் இருக்கிறது. அதன் சோக்கு நல்லது; நேற்று வரை எரிந்ததே. அதைக் கழற்றிப் பின் அறையில் மாட்டிவிடலாம். ஆனால் அதில் போட டியூப்?

“மாடியில சமையக்கட்டுலயும் ஒண்ணு இருக்கு” என்றாள்.

“அவ உன்னைக் கொன்னுடுவா.”

“கொல்றதுன்னாலும் கீழ வந்துதானே கொல்லணும். வரட்டும்.”

செத்த டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். மணி மூன்றரை. இந்தத் தடவை கதவு முழுசாகத் திறந்தது.

“அக்கா, உங்க டியூபு போச்சு. என்னாலதான் போச்சு. எங்க வீட்டுச் சோக்கு கெட்டது. அது தெரியாம மாட்டிட்டேன்.”

மாடி அக்கா டியூபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு ஓரத்தையும் பார்த்தாள்.

“மூணு வாரம். மூணே வாரம். இதை வாங்கிட்டு பஸ்ல மடியில வச்சுக்கிட்டு நின்னுட்டே வந்தேன் தெரியுமா?”

“மடியில வச்சுட்டு எப்படிக்கா நிக்க முடியும்?”

“வாயை மூடு. கோவத்துல இருக்கேன்.”

தராசு வாயை மூடிக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

“இன்னும் ஏன் நிக்கறே?”

“உங்க சமையக்கட்டு டியூபு வேணும்க்கா.”

மாடி அக்கா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். “உனக்கு வெக்கமே இல்லையா?”

“இருக்குக்கா. அதையும் வச்சுக்கிட்டுத்தான் கேக்கறேன்.”

“அதையும் கொளுத்திட்டு அப்புறம் என் கண்ணைக் கேப்பியா?”

“சும்மா நம்பிக் குடுக்க வேணாம். கீழ வாங்க. எது கெட்ட சோக்கு, எது நல்ல சோக்குன்னு உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன். நம்பிக்கை வந்தா குடுங்க. வரலன்னா நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்கலாம்.”

எப்படிக் காட்டுவது என்று அவளுக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது, இனி கை செய்தாக வேண்டும். மாடி அக்கா கூந்தலை முடிந்துகொண்டு, தாங்கமுடியாத கொட்டாவியோடு பின்னாலேயே இறங்கினாள்.

வழி சொன்னது அவன்தான். கட்டிலிலிருந்து இறங்கி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஒற்றைக் காலில் நடு அறை வரைக்கும் வந்துவிட்டிருந்தான். வேர்த்து ஊற்றியது. “சைட்ல ஒயர்மேன் நூறு வாட் குண்டு பல்பு ஒண்ணு ஒயரோட வச்சிருப்பான். சோக்கு வழியா அந்தப் பல்புக்குக் கரண்டு விடுவான். சோக்கு நல்லதா இருந்தா பல்பு மங்கும். கெட்டதா இருந்தா பல்பு முழுசா எரியும்.”

“நல்லதுன்னா மங்குமா? தலைகீழா இருக்கே” என்றாள் மாடி அக்கா.

“புடிச்சு நிறுத்தற ஆளு இருந்தா வேகம் குறையும்ல அக்கா.”

“எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு. அவன் இருந்தா நாங்க எல்லாருமே மங்கிடுவோம்.”

மெயினை அணைத்தார்கள். மாடி அக்கா டார்ச் பிடித்தாள். தராசு ஏறி இரண்டு சட்டத்தையும் கழற்றி இறக்கினாள். ஸ்க்ரூக்கள் இடது கை விரலிடுக்கில் நிற்கவில்லை. மூன்று தடவை விழுந்து உருண்டன. அப்புறம் விரலை நம்பாமல் ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டாள். முன் அறைப் பல்பை ஹோல்டரோடு எடுத்து, உடைந்த இஸ்திரிப் பெட்டியின் ஒயரை வெட்டி அவன் சொன்னபடி கோத்தாள். ஒவ்வொரு முடிச்சையும் அவன் வாங்கி, இழுத்துப் பார்த்து, டேப் சுற்றிக் கொடுத்தான். உயரத்தில் கட்டுகிறவன் கை. எதையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் விடாது.

“எல்லாரும் கையை எடுங்க. இப்போ மெயினைப் போடு.”

முதலில் தார் வழிந்த சோக்கு. பல்பு முன் அறையில் எப்படி எரியுமோ அப்படியே எரிந்தது.

மெயினை அணைத்து, சமையல் அறைச் சோக்கை மாட்டி, மறுபடியும் போட்டாள். பல்பு எரிந்தது, ஆனால் சோர்ந்துபோய், மஞ்சளாக.

“மங்குது!” என்றாள் மாடி அக்கா. தூக்கம் கலைந்துவிட்டிருந்தது. “இரு, மறுபடியும் அந்தக் கெட்டதைப் போடு.”

போட்டாள். முழு வெளிச்சம்.

“மறுபடியும் நல்லது.”

மங்கியது.

“ம்” என்று சொல்லிவிட்டு மாடி அக்கா எழுந்து போனாள். மேலே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. சமையல் அறை டியூபோடு அவள் இறங்கி வரும்போது மணி நாலு கால்.

“கொளுத்தினே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

இனி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சுவரில் இருந்த துளைகளும் சமையல் அறைச் சட்டத்தின் துளைகளும் பொருந்தவில்லை. ஒரு பக்கம் ஸ்க்ரூ ஏறியது, மறுபக்கம் நாலு விரல்கடை தள்ளி நின்றது. புதுசாகத் துளை போட மெஷினும் இல்லை, நேரமும் இல்லை.

“பக்கத்துல ஆணி இருக்கா?” என்று அவன் கேட்டான்.

“கொடிக்கயிறு கட்டின ஆணி இருக்கு.”

“என் பையில கட்டுக்கம்பி கெடக்கு, எடு. ரெண்டு சுத்து, குறுக்கே ஒரு சுத்து. கொறட்டால முறுக்கு. ஒரேயடியா முறுக்காதே, அத்துப்போயிடும். கம்பி போதும்னு சொல்லும்.”

“கம்பி எப்படிய்யா சொல்லும்?”

“முறுக்கிப் பாரு, சொல்லும்.”

முறுக்கினாள். தோள் நெருப்பாய்க் காந்தியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு கட்டத்தில் கம்பி கையை எதிர்த்துத் தள்ளியது. அதைத்தான் சொல்கிறான் என்று நிறுத்தினாள். பிடித்து ஆட்டினாள், சட்டம் அசையவில்லை. ஒயர்களை இணைத்து, மூடி போட்டு, ஸ்டார்ட்டரைத் திருகி, டியூபைச் சொருகித் திருப்பினாள். மணி ஐந்தாகப் பத்து.

மெயின். ஸ்விட்ச்.

ஸ்டார்ட்டர் ஒரு தடவை சிமிட்டியது. இரண்டு தடவை. மாடி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது சிமிட்டலில் லைட் பிடித்துக்கொண்டது.

தராசு எண்ணினாள். நான்கு தாண்டியது. பத்து தாண்டியது. அறுபது வரைக்கும் எண்ணினாள்.

“முன்னே எரிஞ்ச அளவுக்கு வெளிச்சம் இல்லையே?” என்று மாடி அக்கா ரகசியமாகக் கேட்டாள்.

“இதுதான்க்கா சரியான வெளிச்சம். அது சாகப்போற வெளிச்சம்.”

ஐந்து பத்துக்கு வாசலில் வண்டி நின்றது. செக்கிங் அம்மா உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் நேராகப் பின் அறைக்குப் போனார். கைப்பையிலிருந்து கறுப்புத் தோல் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டு, கறுப்பு நூலை அதன் மேல் நீட்டிப் பார்த்தார். ஸ்விட்சை அணைத்தார். போட்டார். அணைத்தார். போட்டார். மூன்றாவது தடவை ஸ்டார்ட்டர் கொஞ்சம் யோசித்தது. லைட் பிடித்தது.

“இது என்ன, கம்பியைப் போட்டுக் கட்டியிருக்கீங்க?”

“சாரம் கட்டற கட்டும்மா” என்றான் அவன். “ஆள் ஏறி நின்னாலும் தாங்கும்.”

செக்கிங் அம்மா அவனுடைய மாவுக்கட்டைப் பார்த்தார்.

“நான் விழுந்தது வேற ஆளு கட்டினதுலம்மா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பி வண்டிக்காரனைக் கூப்பிட்டார். “இந்த வீட்டுக்கு இருபது ஜோடி இறக்கு. புதன்கிழமை வந்து பாப்பேன். தையல் சரியா இருந்தா வாராவாரம் மூட்டை வரும்.”

மூட்டையை வண்டிக்காரன்தான் தூக்கி வந்து வைத்தான். தராசு பழக்கத்தில் கையை நீட்டினாள், அப்புறம் இழுத்துக்கொண்டாள். பார்வைக்குப் பத்துக் கிலோ தேறும்.

வண்டி போனதும் அவன் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. நாற்காலியை மேசைக்கு இழுத்துக்கொண்டு, காலை ஸ்டூலில் நீட்டி, ஊசியில் நூலைக் கோத்தான். முதல் முயற்சியிலேயே கோத்துவிட்டான். நீ போய்ப் படு என்றான் அவளிடம், தலை நிமிராமலே. அவள் படுக்கவில்லை. இருட்டுச் சமையல் அறையில் டார்ச்சை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆறு மணிக்கு மாடி அக்கா படியிறங்கி வந்தாள். வாசலில் நின்று, பின் அறை வெளிச்சத்தை எட்டிப் பார்த்தாள்.

“எரியுதா?”

“எரியுதுக்கா.”

“எனக்கு அங்க ஒரே இருட்டு. ரவிக்கைக்கு ஊக்கு தேடித் தேடி, கடைசியில கையிலதான் வச்சிருந்தேன். என் தலை எப்படி இருக்கு?”

“ஒரு பக்கமா இருக்குக்கா.”

“போர்வைக்கெல்லாம் கண்ணு கெடையாது, விடு. ட்யூட்டி முடிஞ்சு வந்து ரொட்டி சுடக்கூட வெளிச்சம் இல்ல. ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்குக்கா.”

“ஞாபகம் இருந்தா போதுமா?”

“நாளைக்குக் கூலி போட மாட்டாங்க. சனிக்கிழமைதான். சனிக்கிழமை ராத்திரி உங்க ரெண்டு ரூம்லயும் லைட் எரியும்.”

மாடி அக்கா தலையை ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். அதுவரைக்கும் தராசு கிடங்குக்குப் போய் மூட்டை சுமக்கத்தான் வேண்டும். பின் அறையில் ஊசி தோலுக்குள் இறங்கி ஏறுகிற சத்தம் சீராகக் கேட்டது. மாடி அக்காவுக்கு அவள் தர வேண்டியது இரண்டு டியூப்லைட்.